மறைப்பது நாமா, மெஷினா?

"நான் என்ன தப்பு பண்றேன், என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" அந்தரங்க உரிமை பற்றி வாயைத் திறந்தாலே வரும் பதில் இது. ஐடி கம்பெனியிலும் இதுதான், செல்லூர் டீக்கடையிலும் இதுதான். மறைப்பது யார் என்று பார்க்க ரேஷன் கடைக்கு வாங்க.

தமிழக ரேஷன் கடைகளில் கைரேகை முறை 2020 அக்டோபரில் வந்தது. செல்லூர் நெசவாளர்கள் வாழ்ந்த, இன்னும் வாழ்கிற இடம். நாற்பது வருஷம் நூலோடு மல்லுக்கட்டிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? மெஷின் 'பொருந்தவில்லை' என்கிறது. துடைச்சுட்டு வை, அடுத்த விரலை வை. ரேகை ஏறாவிட்டாலும் பொருள் மறுக்கக் கூடாது என்று உத்தரவு உண்டு. வரிசையில் நிற்கும் அப்பத்தா உத்தரவையா மடியில் முடிந்து வைத்திருக்கிறார்?

கைரேகை ஒப்பீடு என்பது மதிப்பெண் போடும் வேலை. இத்தனைக்குக் கீழே போனால் ஆள் நீ இல்லை என்று யாரோ ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். ஆதார் சர்வரில் நடக்கும் அந்த ஒப்பீட்டின் மூலநிரல் பொதுவில் இல்லை. அப்பத்தா தன் பத்து விரலையும் கொடுத்துவிட்டார்; மெஷின் தன் ஒரு வரியைக்கூடக் காட்டவில்லை.

தறியில் இப்படி இல்லை. ஜக்கார்டு பெட்டியில் ஓடும் துளையட்டைதான் அதன் நிரல். பூ கோணலா விழுந்தா அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் துளையை எண்ணலாம், வேறு அட்டை குத்தலாம், பக்கத்துத் தறிக்காரருக்கும் கொடுக்கலாம். 1983-ல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் மென்பொருளுக்குக் கேட்ட சுதந்திரமும் ஏறக்குறைய இதுதான்.

கேட்டால் திறக்க முடியும் என்பதற்கு ஆரோக்கிய சேது சாட்சி. 2020 ஏப்ரல் 2-ல் வந்த செயலி. அதைப் பிரித்துப் பார்க்கவே கூடாது என்று ஆரம்ப நிபந்தனைகளில் எழுதி வைத்திருந்தார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகு மே 26-ல் ஆண்ட்ராய்டு செயலியின் மூலநிரலை வெளியிட்டார்கள். அதற்குள் 10 கோடிப் பேருக்கு மேல் இறக்கியாயிற்று.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆறு வருஷம் கழித்து வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு தான் விரும்பும் அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க வழி வைத்திருக்கிறது. போதாததற்கு, அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்தி, தனிநபர் தகவல் என்று சொல்லிக் கதவைச் சாத்துவதை எளிதாக்கிவிட்டது. நம் அந்தரங்கத்தின் பெயரால் அவர்களுக்குத் திரை!

"கோடைத் திறந்து வச்சா மட்டும் யார் படிக்கப் போறா?" என்பார்கள். எல்லாரும் படிக்க வேண்டியதில்லை. தெருவில் ஒரு மெக்கானிக் இருந்தால் போதும், எல்லார் வண்டியும் ஓடும்.

2017-ல் வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்டபோது தமிழ்நாடே சிரித்தது (செல்லூர்க்காரனுக்கு அந்தக் கேலி பழகிப்போச்சு). காற்று அதைக் கரை ஒதுக்கியதை எல்லாரும் பார்த்தார்கள், அதனால் சிரிக்க முடிந்தது. ரேஷன் மெஷின் தோற்பதை அப்பத்தா மட்டும்தான் பார்க்கிறார். கடைவாரியாக மாசம் எத்தனை விரல் 'பொருந்தவில்லை' என்ற கணக்கையும், அந்தக் கோட்டைக் கிழித்த நிரலையும் வெளியே வையுங்கள். படிக்க நாங்க இருக்கோம்.