சிறுகதை ஏணிப்படி அன்று

சிறுகதை என்பது நாவல் எழுதப் பழகும் பயிற்சிக்களமே என்று எழுத்தாளர் மன்றக் கூட்டங்களில் கூறுவாரும் உளர். இளைஞர் ஒருவர் பத்துக் கதைகள் எழுதிவிட்டால், "நாவல் எப்போது?" என்று கேட்பது அவர்தம் வழக்கம். தொடக்கப்பள்ளியில் தேறியவனை இடைநிலைப்பள்ளிக்கு அனுப்புவது போன்ற நினைப்பு அது. அந்நினைப்பு பிழை என்பதற்குக் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் வாழ்க்கையே சான்று.

அவர் 1948ஆம் ஆண்டு கருநாடகத்தின் ஹாசனில் பிறந்தவர். வீட்டுமொழி உருது. எட்டு வயதில் சிவமொக்காவில் கன்னடப் பள்ளியில் சேர்ந்தபோது, ஆறு திங்களில் கன்னடம் எழுதப் படிக்கக் கற்றாக வேண்டும் என்பது நிபந்தனை. சில நாள்களிலேயே எழுதத் தொடங்கினார். அம்மொழியே பின்னர் அவர்தம் படைப்புமொழியாயிற்று. இதழாளராகவும் வழக்கறிஞராகவும் பணியாற்றினார். சாதிக் கொடுமையையும் ஆணாதிக்கத்தையும் எதிர்த்தெழுந்த பண்டாய இலக்கிய இயக்கத்தில் பங்கு கொண்டார். பெண்களுக்குப் பள்ளிவாசலில் தொழும் உரிமை வேண்டும் என்றதற்காக 2000ஆம் ஆண்டில் சமூக விலக்குக்கும் மிரட்டலுக்கும் ஆளானார்.

உதவி நாடி வந்த பெண்களின் துயரங்களே அவர்தம் கதைகளுக்கு ஊற்று. 'இதய விளக்கு' எனப் பொருள்படும் கதையில், கணவனால் கைவிடப்பட்டவள் பிறந்தகம் சேர்கிறாள். உடன்பிறந்தாரோ அவளைத் திருப்பி அனுப்பிவிடுகின்றனர். மண்ணெண்ணெயை உடலில் ஊற்றிக்கொண்டவளைத் தடுத்து நிறுத்துவது அவள் மகளின் கதறல். இதனைச் சொல்ல நானூறு பக்கங்கள் எதற்கு? அந்த ஒரு கணத்தைத் தவறவிடாத கண்ணன்றோ வேண்டும்!

1990 முதல் 2023 வரை எழுதியவற்றுள் பன்னிரண்டு கதைகளைத் தீபா பஸ்தி ஆங்கிலத்தில் பெயர்த்தார். அத்தொகுப்பு 2025ஆம் ஆண்டு மே மாதம் அனைத்துலக புக்கர் பரிசைப் பெற்றது. அப்பரிசு தனி நூலுக்கு வழங்கப்படத் தொடங்கிய 2016 முதல், அதனை வென்ற முதற் சிறுகதைத் தொகுப்பு இதுவே. பரிசுத் தொகையான 50,000 பவுனை ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டனர்.

"அவரும் ஒரு நாவல் எழுதியுள்ளாரே" என்பர் சிலர். உண்மையே. ஆயினும் அவர் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்புகள் ஆறு. ஏணிப்படியாக எண்ணியிருந்தால், ஒருவர் அதே படியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிற்பாரா?

ஆதலின், "நாவல் எப்போது?" என்னும் வினாவை மன்றங்கள் கைவிடுக. இளம் எழுத்தாளரிடம் "அடுத்த கதை எப்போது?" என்று கேட்கட்டும், முன்னைய கதையைப் படித்துவிட்டுக் கேட்கட்டும்.