ரெண்டு கிலோ விதைநெல்லும் லினக்ஸும்

லினக்ஸ் பத்தி ஊர்ப்பட்ட பதிவுகள் வந்தாச்சு. எப்படி இன்ஸ்டால் பண்றதுன்னு நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்லை. என்னோட ஆதங்கமே வேற.

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி பழைய லேப்டாப் ஒண்ணைத் தூக்கிக்கிட்டு வந்தான். விண்டோஸ் ஆமை மாதிரி நகருதாம். "உபுண்டு போட்டுடலாமாடா?"ன்னு கேட்டேன்.

"அதுல கேம் ஓடாதேண்ணே. அதுவுமில்லாம, ஓசில குடுக்குறதுல என்னண்ணே இருக்கப் போவுது?"

கேம் விஷயத்துக்கு பதில் சுலபம். அவன் சொன்னது ஒரு காலத்துல உண்மைதான். வைஸ் சிட்டி ஆடுறதுக்காகவே லினக்ஸை அழிச்சவங்க நம்மள்லயே எத்தனை பேரு! (நானும்தான், ஹிஹி.) ஆனா 2018ல வால்வ் கம்பெனி ப்ரோட்டான்னு ஒண்ணைக் கொண்டு வந்த பிறகு, விண்டோஸுக்குன்னு எழுதின விளையாட்டுகள் ஏகப்பட்டது லினக்ஸ்லயே ஓடுது. 2022ல வந்த அவங்களோட ஸ்டீம் டெக்குக்குள்ள இருக்குறதே லினக்ஸ்தான். வாலரன்ட் மாதிரி சிலது இன்னும் ஓடாது, அது வேற கதை.

ரெண்டாவது சொன்னான் பாருங்க, 'ஓசி', அதுதான் உறுத்துச்சு. தமிழக அரசு 2011ல மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்ப, விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்துச்சு. சி-டாக் சென்னையில உருவாக்கினது, தமிழும் பேசும். எங்க தெருவுல அதைத் திறந்து பார்த்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். ஓசியா வந்ததுக்குள்ள ஓசியா வந்தது, அதுக்கு என்ன மரியாதை!

இதுக்கு பதில் எங்க டெல்டாவுலயே இருக்கு. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கம்னு ஒரு ஊரு. அங்க 'நெல்' ஜெயராமன் 2006ல நெல் திருவிழா ஆரம்பிச்சார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார்னு காணாமப் போயிட்டிருந்த ரகங்களைத் தேடித் தேடிச் சேர்த்து, வர்ற விவசாயிக்கு ரெண்டு கிலோ விதை கொடுப்பாங்க. காசு கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பிக் கொடுக்கணும். 2018 டிசம்பர்ல அவர் காலமானார். அதுக்குள்ள 170க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டிருந்தார்.

இதை யாராச்சும் ஓசி நெல்லுன்னு சொல்வாங்களா? பட்டினி கிடந்தாலும் விதைநெல்லுல கை வைக்காத ஊருங்க இது.

கட்டற்ற மென்பொருளும் இதேதான். லினக்ஸ் கெர்னல் 1992ல இருந்து ஜிபிஎல் உரிமத்துல இருக்கு. எடுத்துக்கலாம், மாத்தலாம், அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். மாத்தினதைக் கொடுத்தா மூலநிரலையும் அதே உரிமையோட கொடுக்கணும். ஆனா சும்மா உபயோகிக்கிறவன்கிட்ட ஜிபிஎல் எதையுமே திருப்பிக் கேக்காது. அந்த விதத்துல ஜெயராமனோட கணக்குதான் கறார். வாங்கின ஒவ்வொருத்தனும் கடன்காரன்.

நாம கோட்டை விட்டது இந்த எடத்துலதான்னு நினைக்கிறேன். உரிமம் கேக்கலை, அதனால நாமளும் கொடுக்கலை. வாங்கின விதையைப் பொங்கிச் சாப்பிட்டுட்டு, 'தமிழ்ல சரியா வரலை'ன்னு குறை மட்டும் சொல்றோம்.

வால்வ் கம்பெனியைப் பாருங்க. ப்ரோட்டானை அவங்க சூனியத்துல இருந்து செய்யலை. 1993ல ஆரம்பிச்ச வைன் திட்டத்துல இருந்து எடுத்தாங்க. அதுமேல சம்பளம் கொடுத்து ஆளுங்களை வேலை பார்க்க வச்சாங்க, திருத்தினதுல நெறைய வைனுக்கே திரும்பிப் போச்சு. லாபத்துக்காகத்தான், ஒத்துக்கறேன். இருந்தாலும் நாலு கிலோ வந்து சேர்ந்துச்சா இல்லையா?

நமக்கு நிரல் எழுதத் தெரியணும்னு அவசியமில்ல. லிப்ரெ ஆபீஸ்ல ஒரு தமிழ் வார்த்தை அபத்தமா இருந்தா சிரிச்சுட்டுப் போகாம திருத்தி அனுப்பலாம். டெசராக்ட் தமிழ்ப் பக்கத்தைப் படிக்கிறப்ப எந்த எழுத்துல தடுமாறுதுன்னு எடுத்துச் சொல்லலாம். நாம முட்டி மோதிக் கத்துக்கிட்டதைத் தமிழ்ல ஒரு பதிவா போடலாம். கணியம் ஆளுங்க 2012ல இருந்து அதைத்தானே செஞ்சுக்கிட்டிருக்காங்க? பதிவர்கள் நமக்குத் தெரிஞ்சதே எழுத்துதானேய்யா!

தம்பி லேப்டாப்ல உபுண்டு போட்டாச்சு. காசு எவ்வளவுண்ணேன்னான். காசு வேணாம், உன் கூட்டாளிங்க ரெண்டு பேருக்கு இதே மாதிரி போட்டுக் கொடுத்துட்டு வான்னு சொல்லியிருக்கேன். தலையாட்டிட்டுப் போயிருக்கான். பார்ப்போம்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு 'அருமை'ன்னு மட்டும் பின்னூட்டம் போட்டா அது ரெண்டு கிலோ கணக்குதான். மீதி ரெண்டு கிலோ எங்கே சாமி?