கையெழுத்தில்லாத உத்தரவு

பள்ளி நாளில் பிரெஞ்சில் டின்டின் படித்ததோடு என் சித்திரக்கதை வாசிப்பு நின்றுபோயிற்று. எழுபது தாண்டிய பிறகு பேரன் ‘சூசைட் ஸ்குவாட்’ தொகுப்பைக் கையில் திணித்தான். 1987-இல் ஜான் ஆஸ்ட்ராண்டர் எழுதத் தொடங்கிய அமெரிக்கத் தொடர்.

லூசியானாவில் ‘பெல் ரேவ்’ என்றொரு சிறை. ‘அழகிய கனவு’ என்று நினைத்து வைத்தார்கள் போலும். பிரெஞ்சில் ‘ரேவ்’ ஆண்பால். ‘போ ரேவ்’ என்றல்லவா இருக்க வேண்டும்! பெயரிலேயே பிழை. அங்குள்ள வில்லன்களை அமாண்டா வாலர் என்ற அதிகாரி அரசின் ரகசிய வேலைகளுக்கு அனுப்புகிறார். உயிரோடு திரும்பினால் தண்டனை குறையும். தப்பி ஓடினால் கையில் மாட்டிய வளையம் வெடிக்கும். பிடிபட்டால், இவர்கள் யாரென்றே தெரியாது என்று அரசு கைகழுவிவிடும்.

“கெட்டவங்களும் நல்லது செய்யலாம்னு சொல்ற கதை, தாத்தா” என்கிறான் பேரன். நான் ஒப்பமாட்டேன். இது கையெழுத்தில்லாத உத்தரவின் கதை.

கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். மேலதிகாரி ஒருவர் வாயால் சொன்னதைச் செய்துவிட்டு, விளக்கம் கேட்டு மெமோ வாங்கியிருக்கிறேன். “நான் எப்போ சொன்னேன்?” என்றார் அவர். என் கையில் வெடிவளையம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

குற்றம் செய்த கைதிக்குத் தண்டனை உண்டு. எழுதித் தராமல் ஏவுகிறவருக்கு?

சிறுபிள்ளைப் புத்தகம் என்று ஒதுக்காதீர்கள், நண்பர்களே. அலுவலகத்தில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்குத்தான் இது நன்றாகப் புரியும்.