கம்பி தடித்தால் பிடிமானம் கூடுமா?

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

காரை வாங்கிய மறுமாதமே அதைத் திருத்தியமைக்கத் துடிக்கும் இளைஞர் கூட்டம் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் வீட்டுக் கார் கொட்டகையிலேயே, விடுமுறை நாள் ஒன்றில், நான்கைந்து ஸ்பானர்களை வைத்துக்கொண்டு இவர்கள் செய்யும் முதல் வேலைகளுள் ஒன்று, பின்பக்கத்து ஸ்டெபிலைசர் ராடைக் கழற்றிவிட்டு அதைவிடத் தடித்ததை மாட்டுவது. "வளைவில் வண்டி சாயாது, சாலையைக் கவ்விப் பிடிக்கும்" என்பார்கள். இக்கூற்றின் முதற்பாதி உண்மை. பிற்பாதி அரைகுறை உண்மை. அந்த அரைகுறையில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பது என் கருத்து.

இந்த ராடு மாயப்பொருள் அன்று. 'ப' வடிவில் வளைத்த எஃகுக் கம்பி. அதன் நடுப்பகுதி இரண்டு ரப்பர் புஷ்களின் வழியே வண்டியின் அடிச்சட்டத்தில் அமர்ந்திருக்கும். இரு முனைகளும் லிங்க் ராடுகளால் இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு பிணைந்திருக்கும். இரு சக்கரமும் ஒன்றாக வேகத்தடையில் ஏறினால் கம்பி சும்மா சுழலும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். ஆய்வகத்தில் முறுக்கு ஊசலோடு மல்லுக்கட்டிய நண்பர்களுக்கு வாய்ப்பாடு மறந்திருக்காது: முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதம். 16 மி.மீ. கம்பிக்குப் பதில் 19 மி.மீ. கம்பி என்றால் வித்தியாசம் 3 மி.மீ. தான், விறைப்போ ஏறத்தாழ இரண்டு மடங்கு! உள்ளீடற்ற கம்பியைக் கண்டு ஏமாற்று வேலை என்று எண்ணுவோரும் உண்டு. வெளிவிட்டம் 22 மி.மீ., சுவர்த் தடிப்பு 4 மி.மீ. கொண்ட குழாய், அதே பருமனுள்ள முழுக் கம்பியின் எடையில் 60 விழுக்காடுதான் இருக்கும். விறைப்பில் 84 விழுக்காட்டைத் தந்துவிடும். நடுச்சதை சோம்பேறி, உழைப்பதெல்லாம் விளிம்புதான்.

சரி, பிடிமானம்? வளைவில் திரும்பும்போது பாரம் உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு நகர்கிறது. எவ்வளவு நகரும் என்பதை ஏறத்தாழ முழுவதும் தீர்மானிப்பவை வண்டியின் ஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கர இடைவெளி, வேகம், வளைவு ஆகியவையே. எந்தக் கம்பியும் அதை ஒழித்துவிட முடியாது. அந்தச் சுமையில் முன்பக்கத்துக்கு எவ்வளவு, பின்பக்கத்துக்கு எவ்வளவு என்று பாகம் பிரிக்க மட்டுமே கம்பியால் முடியும். டயருக்கோ ஒரு குணம் உண்டு. பாரத்தை இரட்டித்தால் பிடிமானம் இரட்டிப்பதில்லை. அதற்குக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே எந்தப் பக்கம் அதிகப் பாரம் இடம் மாறுகிறதோ, அந்தப் பக்கத்து இரு டயர்களின் மொத்தப் பிடிமானம் குறைகிறது. பின்கம்பியைத் தடிக்கச் செய்பவர் பின்பக்கப் பிடிமானத்தைக் குறைக்கிறார் என்பதே விஞ்ஞானம்!

பின் ஏன் செய்கிறார்கள்? முன்சக்கர இழுவைக் கார்களில் இழுப்பதும் திரும்புவதும் அதே இரு சக்கரங்கள். எஞ்சின் பாரமும் அவற்றின் தலையிலேதான். எல்லை மீறினால் முன்புறமே முதலில் வெளியே தள்ளும்படி உற்பத்தியாளர் வேண்டுமென்றே அமைக்கிறார். பதறிய ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானே அடங்கும். பின்கம்பி தடித்தால் முன்சக்கரங்களுக்குச் சற்று விடுதலை. ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும். 1976இல் வந்த வோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ வளைவில் உட்புறப் பின்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு போவது பெயர்பெற்ற காட்சி. அதில் ஓர் இன்பம் இருப்பதை நான் மறுக்கவில்லை.

ஆயினும் செவர்லே கோர்வேயர் காரின் கதையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பின்பக்க எஞ்சின் கொண்ட அக்காரில் 1960 முதல் 1963 வரை முன்பக்க ஸ்டெபிலைசர் ராடு அடிப்படை அமைப்பில் சேர்க்கப்படவில்லை. அதற்கு ஈடாக முன் டயரில் 15, பின் டயரில் 26 பவுண்டு காற்று வைக்கச் சொன்னார்கள். எத்தனை பேர் அதைப் பின்பற்றியிருப்பார்கள்? 1964இல் ராடு வந்துசேர்ந்தது. பின்னால் குறுக்குப் பட்டை ஸ்பிரிங் ஒன்றும் சேர்ந்தது. 1965இல் ரால்ஃப் நேடர் தம் நூலின் முதல் அத்தியாயத்தையே இக்காருக்கு ஒதுக்கினார். அக்காலத்துப் பிற கார்களைவிட அது மோசமன்று என 1972இல் அரசு ஆய்வு கூறியது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். எப்படியாயினும், ஒரு கம்பி இருப்பதும் இல்லாததும் நாடு தழுவிய வழக்காடலுக்குரிய பொருள் ஆயிற்று அல்லவா?

அத்தகைய கம்பியை வீட்டில் மாற்றுகிறவர் காய்ந்த சாலையில், தனியாக ஓட்டிப் பார்த்து மகிழ்கிறார். மழைநாளில், பின்னிருக்கையில் தாயும் தம்பியும் இருக்க, மலைப்பாதை வளைவில் எதிரே லாரியைக் கண்டு காலை எடுத்தால்? பாரம் முன்னோக்கிச் சாய, பின்புறம் வால்போல் வீசும். பழைய வண்டி மன்னித்த அதே செயலை இந்த வண்டி மன்னிக்காது.

வீட்டில் செய்யவே கூடாது என்பேனா? மாட்டேன். ஸ்பானர் பிடிக்காத கையால் வாய்ப்பாட்டை மட்டும் எழுதித் தேறுவது கல்வியாகாது. முதலில் நல்ல டயரும் ஷாக் அப்சார்பரும் போடட்டும். முனையில் பல துளைகள் உள்ள ராடை வாங்கி, கடைக்கோடித் துளையில் மாட்டட்டும். நெம்புகை நீள நீள விறைப்பு குறையும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகக் கூடாது. சமதளத்தில் இரு பக்கமும் ஸ்டாண்டு கட்டாயம். பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு சிலிகான் கிரீஸ். லிங்க் ராடில் ரப்பர் புஷ் இருந்தால் அதன் நட்டை வண்டி தன் பாரத்தில் நிற்கும்போதே இறுதியாக முறுக்கவேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி எல்லாவற்றையும் சோதிக்கவேண்டும். 1990களின் ஹோண்டா சிவிக் சிலவற்றில், வலுவூட்டும் தகடு வைக்காமல் மிகத் தடித்த ராடைப் பூட்டியதால், அது அமர்ந்திருந்த சட்டமே கிழிந்துபோனதுண்டு. நம் சாலைகளில் ஓடும் சிறு கார்கள் பலவற்றிலோ இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் முறுக்கு உத்திரமே ராடின் வேலையையும் பார்க்கிறது. அங்கே கழற்றி மாட்டத் தனி ராடே இராது.

கழற்றிய பழைய ராடைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட வேண்டாம். வண்டி ஒருநாள் கைமாறும். வாங்குகிறவருக்கு இந்த 3 மி.மீ. பற்றி எதுவும் தெரியாது. பழையதை மாட்டிக் கொடுக்கவேண்டும். அல்லது வாய்திறந்து சொல்லவாவது வேண்டும்.