நோயுற்ற கோழியும் நம் அயலாரும்

இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் நாட்டுக்கோழி வளர்ப்பு ஏழைத் தாய்மார் பலரின் சிறுசேமிப்பு. அக்கோழி இறக்கை தொங்கி, வெண்பச்சையாய்க் கழிந்து, கழுத்துத் திருகி நின்றால், அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். 1920-களில் இமயமலைப் பகுதியிலுள்ள இராணிகேத்தில் கண்டறியப்பட்டதால் இராணிகேத் நோய் எனவும் வழங்கும் இது நச்சுயிரியால் வருவது. வந்தபின் தீர்க்கும் மருந்தில்லை.

நோயுற்றதை உடனே தனியே அடைத்து, நீரும் நொய்க்கஞ்சியும் தந்து, கால்நடை மருத்துவரை நாடுவோம். இறந்ததைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைப்போம். நலமான குஞ்சுகளுக்கு 7-ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், 8-ஆம் வாரத்தில் இறக்கையில் தடுப்பூசியும் போடுவித்துக் காப்போம்.

"சாகுமுன் சந்தையில் விற்றுவிடலாமே" என்ற எண்ணம் எழுவதுண்டு. வறுமை அதைத் தூண்டும். ஆயினும் அக்கோழி, வாங்குபவர் வீட்டுக்கு நோயையும் சுமந்து செல்கிறது. நம் நட்டத்தை இன்னொரு ஏழைத் தாயின் தலையில் ஏற்றுவது, கள்ளத் தராசு பிடிப்பதற்கு எவ்வகையில் குறைந்தது? எருசலேமுக்காகக் கலங்கிய ஆண்டவர், குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்க்கும் கோழியையே தம் அன்புக்கு உவமையாகக் கொண்டார். அவ்வன்பை நினைந்து, தடுப்பூசி போடச் செல்லும் நாளில் அடுத்த வீட்டாரையும் அழைத்துச் செல்வோம்.