"நார்மல்தான் சார்!" – இந்தச் சொல்லை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். நாளைக்கு உங்கள் பைக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இதே பதில்தான் வரப்போகிறது.

முப்பத்து மூன்று வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான். விடை தெரியாமல் "அது அப்படித்தான் சார்" என்று எழுதிய பிள்ளைகளுக்குச் சுழி போட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய வண்டிக்கு அதே விடையை ஏ.சி. அறையில் உட்கார்ந்து கேட்க வேண்டி வந்தது.

2023 கடைசியில் கார் வாங்கினேன். டர்போ பெட்ரோல் எஞ்சின், நடுவில் பத்து அங்குல ஸ்கிரீன். ஏ.சி.யைக் கூட்டக் குறைக்க, பின்னால் பார்க்க, எல்லாம் அந்த ஸ்கிரீன்தான். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்தக் கம்பெனி ஷோரூமுக்குப் போனாலும் இந்தப் பாட்டு கேட்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

வீட்டுக்காரம்மாவை மாதம் இரண்டு முறை வேலூர் சி.எம்.சி.க்கு அழைத்துப்போக வேண்டும். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் டோக்கன் கிடைக்கும். மாதனூர்க்காரர்களுக்குத் தெரியும், வீட்டுக் கேட்டைத் திறந்தால் இரண்டாவது நிமிஷம் சென்னை – பெங்களூர் ஹைவே. எஞ்சின் சூடாக ஊருக்குள் பத்துத் தெரு சுற்றுகிற வசதி நமக்குக் கிடையாது. குளிர்ந்த வண்டியோடுதான் லாரிகளுக்கு நடுவே ஏறுகிறோம்.

மார்கழியில் ஒரு நாள். சர்வீஸ் ரோட்டிலிருந்து ஹைவேயில் ஏறுகிறேன். ஆம்பூர் பக்கமிருந்து ஒரு கன்டெய்னர் லாரி, தூரத்தில்தான். போதுமான இடைவெளி. ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி நகரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம் அப்படியே முனகிக்கொண்டு நின்றது. பிறகு பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி பாய்ந்தது. லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே பிரேக் பிடித்தார். அவர் புண்ணியத்தில் இந்தப் பதிவை எழுதுகிறேன். அதே வாரத்தில் இரண்டு நாள், ஸ்டார்ட் செய்ததும் ஸ்கிரீன் கறுத்துப்போய் ஒரு நிமிஷம் கழித்துத்தான் உயிர் வந்தது. அதுவரை பின் கேமரா இல்லை, கண்ணாடியில் படிந்த பனியைப் போக்க ஏ.சி.யும் திருப்ப முடியவில்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். "குளிர்ல எல்லா வண்டியும் இப்படித்தான் சார், நார்மல்தான்." ஸ்கிரீன்? "சாஃப்ட்வேர் சார், அப்டேட் போட்டுட்டேன்." இரண்டாவது முறை போனேன். "பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்க சார், அதான்." மூன்றாவது முறை, "நீங்க பழைய வண்டி ஓட்டின பழக்கத்துல மிதிக்கறீங்க சார்." ஆக, முதலில் குளிர், அப்புறம் அரசாங்கம், கடைசியில் என் கால். வண்டி மட்டும் குற்றவாளி இல்லை!

நியாயமாகப் பேசுவோம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் கொஞ்ச நேரம் வேகமாக, சத்தமாகச் சுற்றுவது நிஜமாகவே நார்மல். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்கியாக வேண்டும். அதற்காக எஞ்சின் கம்ப்யூட்டர் தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தும், வேகத்தை ஏற்றும். இது கோளாறு அல்ல. ஆனால் காலால் மிதித்த கட்டளைக்கு மூன்று விநாடி பதில் வராமல், பிறகு பாய்வது நார்மல் அல்ல. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மூடி மறைப்பதுதான் இங்கே நடக்கிற தந்திரம்.

எத்தனால் கதையும் பாதி உண்மைதான். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் ஒரு கிலோ எத்தனாலுக்கு வேண்டும். பிரேசிலில் எத்தனாலிலேயே ஓடும் கார்களுக்கு, குளிரில் ஸ்டார்ட் செய்வதற்கென்றே பானெட்டுக்குள் தனியாக ஒரு சின்னப் பெட்ரோல் டேங்க் வைத்திருந்தார்கள். ஆனால் அது முழு எத்தனால், நம்முடையது 20 சதவீதம். நம் மார்கழியும் உறைபனி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, பெட்ரோல் மூடியில் 'இ20' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றவர்கள் அவர்கள்தானே? அந்தப் பெட்ரோலுக்கு ஏற்றது என்று சொல்லி விற்றுவிட்டு, அந்தப் பெட்ரோல்மேல் பழி போட அவர்களுக்கு என்ன உரிமை?

நம் ஊர் நியாயத்துக்கு வருவோம். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்காத குடும்பம் இந்தப் பக்கத்தில் எத்தனை? தையல் ஒரு இடத்தில் விட்டிருந்தால், இரண்டு ஷூவுக்கும் நிறம் ஒரு சாயல் மாறியிருந்தால், வெளிநாட்டு பையரின் ஆள் பெட்டியையே ஒதுக்கி வைப்பான். "எல்லா ஷூவும் இப்படித்தான் சார், நார்மல்" என்று நம் சூப்பர்வைசர் அவனிடம் சொல்ல முடியுமா? சொன்னால் அடுத்த ஆர்டர் வருமா? காலில் போடுகிற ஷூவுக்கு இருக்கிற தரம், உயிரை ஏற்றிப்போகிற காருக்கு வேண்டாமா? செய்து அனுப்பும்போது கடைசித் தையல் வரை பதில் சொல்கிறோம். வாங்கும்போது மட்டும் ஏன் தலையாட்டிவிட்டு வருகிறோம்?

மூன்றாவது முறை திரும்பியபோது, ஆம்பூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாயிடம் வண்டியைக் காட்டினேன். அவர் லேப்டாப்பைத் திறக்கவில்லை, மல்டிமீட்டரை எடுத்தார். நல்ல பேட்டரி ராத்திரி முழுக்க நின்ற பிறகும் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். என்னுடையது 12.1. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஒன்பதுக்கும் கீழே போனது. பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் எர்த் ஒயரின் போல்ட்டில் பச்சையாகப் பூஞ்சை மாதிரி படிந்திருந்தது. "வாத்தியாரே, கரன்ட் போதாம ஸ்கிரீன் எப்படி எரியும்?" என்றார். சுத்தம் செய்து, பேட்டரியும் மாற்றினோம். அன்றிலிருந்து ஸ்கிரீன் கறுக்கவில்லை. எஞ்சின் தயக்கமும் பாதி குறைந்தது. மூன்று முறை சாஃப்ட்வேர் பேசியவர்களில் ஒருவர்கூட அந்த போல்ட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை.

மீதிப் பாதிதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. கம்பெனித் தலைமைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். பத்து நாளில் போன் வந்தது. எஞ்சின் கம்ப்யூட்டருக்கு ஒரு புது அப்டேட் போட்டார்கள். மறுநாள் காலை வண்டி மிதித்தவுடன் நகர்ந்தது. எப்போது வந்தது இந்த அப்டேட் என்று கேட்டேன். "அஞ்சாறு மாசமா இருக்கு சார். கம்ப்ளைன்ட் வர்ற வண்டிக்கு மட்டும் போடுவோம்." அப்படியானால் நான் மூன்று முறை வந்து சொன்னது என்ன? பழைய ஜாப் கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே வரி. ஜெனரல் செக்கப், ஓகே. என் புகார் ஒரு இடத்திலும் இல்லை. காகிதத்தில் என் வண்டி நோயே இல்லாத வண்டி!

அந்த சர்வீஸ் அட்வைசர் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. என் மாணவன் வயசுதான். "ஃபீட்பேக் கால் வரும் சார், பத்துக்குப் பத்து சொல்லுங்க, இல்லன்னா எனக்குப் பிடிச்சுடுவாங்க" என்று கெஞ்சினான். புகாரை எழுதினால் அவனுக்கு மார்க் குறையும், எழுதாவிட்டால் நமக்கு உயிர் குறையும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மேலே இருக்கிறார்கள்.

"ஸ்கிரீன்தானே சார், ஓடினால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் டெஸ்லா கம்பெனி சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், ஸ்கிரீனுக்குப் பின்னால் இருந்த மெமரி சிப் தேய்ந்துபோய் ஸ்கிரீன் அணைந்தது. பின் கேமராவும் கண்ணாடிப் பனி நீக்கியும் அதோடு போவதால் அதைப் பாதுகாப்புக் குறை என்று அந்நாட்டு அரசு எடுத்துக்கொண்டது. இன்னொன்று, கம்பெனி தன் டீலர்களுக்கு அனுப்பும் பழுது பற்றிய சுற்றறிக்கைகளை அங்கே அரசிடமும் கொடுக்க வேண்டும், அவை இணையத்தில் யாரும் பார்க்கக் கிடைக்கின்றன. என் விஷயத்தில் அந்த அப்டேட் பற்றிய செய்தி டீலரின் கம்ப்யூட்டரிலேயே தூங்கியது.

நமக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். ஆனால் மக்கள் புகாரை வைத்து நடவடிக்கை வர வேண்டுமானால், விற்ற வண்டிகளின் கணக்குக்கு ஏற்ப இத்தனை பேர் என்று புகார் சேர வேண்டும். 'நார்மல்' என்று கேட்டு வீட்டுக்குப் போனவர் அந்தக் கணக்கில் வருவாரா? அந்தச் சொல்லின் லாபம் இப்போது புரிகிறதா? அது நம்மைச் சமாதானப்படுத்துகிற சொல் இல்லை, நம்மைக் கணக்கிலிருந்து அழிக்கிற சொல்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இன்னொரு கதவு. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கிற இடத்துக்கான மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருள் அங்கேயே வரும். கட்டணம் 5 லட்சம் வரை ஒன்றுமில்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் புது வண்டியே மாற்றிக் கொடுப்பார்கள் என்று கனவு காணாதீர்கள். வாரண்டி என்றால் பழுதான பாகத்தை மாற்றுவதுதான், முழு வண்டியை அல்ல என்று 2006இல் உச்ச நீதிமன்றமே ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறது. குறை உற்பத்தியிலேயே இருந்தது என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? 'ஜெனரல் செக்கப், ஓகே' என்ற அந்த மூன்று காகிதத்தையா?

அதனால் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.

ஒன்று, ஜாப் கார்டில் உங்கள் புகார் உங்கள் வார்த்தையிலேயே ஏறாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். "காலை முதல் ஸ்டார்ட், மிதித்தால் மூன்று விநாடி நகரவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

இரண்டு, குறையை மொபைலில் வீடியோ எடுங்கள். தேதி, நேரம் தெரியட்டும். ஓட்டுகிறவர் எடுக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும்.

மூன்று, அவர்கள் 'நார்மல்' என்றால் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். நான் நான்காவது முறை அதைத்தான் கேட்டேன். அந்தப் பையன் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தான். மேனேஜரும் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டார்கள்.

நான்கு, ஆபத்தான குறை என்றால் அரசின் வாகன் தளத்திலும் பதியுங்கள். வழிகாட்டுதலுக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வீட்டுக்காரம்மாவோடு நேற்றும் வேலூர் போய் வந்தேன். வண்டி நன்றாக ஓடியது. இதே மாடலை வாங்கி, இதே அப்டேட் போடாமல், இதே ஹைவேயில் இன்று காலையும் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. அவர்களில் ஒருவர் உங்கள் தம்பியாகவோ மருமகனாகவோ இருக்கலாம். அவருக்கு இதை அனுப்புங்கள்.