வழக்குரைஞரிடம் ஒப்படைத்த ரகசியம் கசிந்தால் யாரிடம் முறையிடுவது?

புதுதில்லி: வழக்குரைஞர் அலுவலகத்தில் கட்சிக்காரர்கள் ஒப்படைக்கும் ஆவணங்களைப் புலனாய்வு அமைப்புகள் எளிதில் கைப்பற்றிவிட முடியாதபடி உச்ச நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டில் உறுதியான அரண் அமைத்தது. ஆனால், அதே ஆவணங்கள் அலுவலகத்தின் கவனக்குறைவால் வெளியே கசிந்தால் கட்சிக்காரரின் நிலை என்ன? நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றிய எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இந்தக் கேள்வியோடு படித்தால், கிடைக்கும் பதில் ஆறுதல் அளிப்பதாக இல்லை.

இந்தப் பிரச்னையின் வேர் ஹைதராபாதில் இருக்கிறது.

முத்திரைத் தீர்வை தந்த தீர்ப்பு: ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேச அரசு 1986-இல் இந்திய முத்திரைச் சட்டத்தின் 73-ஆவது பிரிவைத் திருத்தியது. முத்திரைத் தீர்வை ஏய்ப்பைக் கண்டுபிடிப்பது அதன் நோக்கம். அதன்படி, மாவட்ட ஆட்சியர் எழுத்துமூலம் அதிகாரம் அளிக்கும் எவரும், ஆவணங்கள் உள்ள இடத்துக்குள் நுழைந்து அவற்றைப் பார்வையிடலாம், தேவையெனில் கைப்பற்றலாம். அரசு அலுவலகங்களோடு தனியார் வசம் உள்ள ஆவணங்களும் இதற்குள் அடங்கின. வங்கிகள் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தன. ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது.

ஹைதராபாத் மாவட்டப் பதிவாளரும் ஆட்சியரும் தாக்கல் செய்த மேல்முறையீட்டை, தலைமை நீதிபதி ஆர்.சி. லஹோத்தி, நீதிபதி அசோக் பான் ஆகியோர் அடங்கிய அமர்வு 2004 நவம்பரில் தள்ளுபடி செய்தது. அந்தரங்கம் என்பது இடத்தைச் சார்ந்தது அல்ல, மனிதரைச் சார்ந்தது என்று அத்தீர்ப்பு கூறியது. ஒருவர் தன் ஆவணத்தை வீட்டிலிருந்து எடுத்துச் சென்று வங்கியில் ஒப்படைத்துவிட்டார் என்பதாலேயே அதன் மீதான ரகசிய உரிமையை அவர் இழந்துவிடுவதில்லை என்பதே இதன் சாரம். வங்கியிடம் கொடுத்த தகவலில் வாடிக்கையாளருக்கு அந்தரங்க உரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-இல் மில்லர் வழக்கில் கூறியிருந்ததை நமது உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தபோது, இந்த ஹைதராபாத் வழக்கையும் எடுத்துக்காட்டியது. வங்கிக்குச் சொன்னது வழக்குரைஞர் அலுவலகத்துக்கும் பொருந்தும். சொல்லப்போனால், கூடுதலாகவே பொருந்தும். வங்கிக்கு நமது பணக் கணக்கு மட்டுமே தெரியும். வழக்குரைஞருக்கோ பணக் கணக்கு, மருத்துவச் சான்று, கணவன் - மனைவி பிணக்கு, சொத்துத் தகராறு, பழைய குற்ற வழக்கு என அனைத்தும் தெரியும்.

பழைய சட்டம், புதிய அரண்: கட்சிக்காரர் சொன்னதை வழக்குரைஞர் வெளியிடக் கூடாது என்ற விதி புதிதல்ல. 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 126 முதல் 129 வரையிலான பிரிவுகள் அதைக் கூறின. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமில் 132 முதல் 134 வரையிலான பிரிவுகள் அதே பாதுகாப்பை அளிக்கின்றன. வழக்கு முடிந்த பிறகும் இந்தக் கடமை தொடரும். குமாஸ்தாக்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் இது பொருந்தும். சட்டவிரோதச் செயலுக்குத் துணை தேடிச் சொன்னவை, வழக்கை ஏற்ற பிறகு நடந்ததாக வழக்குரைஞர் கவனித்த குற்றம் அல்லது மோசடி ஆகியவை மட்டுமே விலக்கு.

இந்த விதிக்கு 2025 ஜூனில் சோதனை வந்தது. சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்குரைஞர் அரவிந்த் தாதார், தில்லியின் மூத்த வழக்குரைஞர் பிரதாப் வேணுகோபால் ஆகியோருக்கு, ஒரு நிறுவனத்துக்கு அளிக்கப்பட்ட சட்ட ஆலோசனை தொடர்பாக அமலாக்கத் துறை அழைப்பாணை அனுப்பியது. வழக்குரைஞர் சங்கங்கள் கண்டனம் தெரிவித்ததையடுத்து அழைப்பாணைகள் திரும்பப் பெறப்பட்டன. இதனிடையே, குஜராத் வழக்குரைஞர் ஒருவருக்குக் காவல் துறை அனுப்பிய அழைப்பாணை உச்ச நீதிமன்றத்துக்கு வர, நீதிமன்றம் தாமாக முன்வந்து இப்பிரச்னையை விசாரித்தது.

அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதிகள் கே. வினோத் சந்திரன், என்.வி. அஞ்சாரியா ஆகியோர் அடங்கிய அமர்வு 2025 அக்டோபர் 31-ஆம் தேதி தீர்ப்பளித்தது. சட்டத்தில் கூறப்பட்ட விலக்குகளுக்குள் அடங்கினாலொழிய வழக்குரைஞரை விசாரணைக்கு அழைக்கக் கூடாது. அப்படி அழைப்பதற்கும் காவல் கண்காணிப்பாளருக்குக் குறையாத அதிகாரியின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்று அமர்வு கூறியது. கணினி, கைப்பேசி போன்ற சாதனங்கள் நீதிமன்றத்தில் மட்டுமே ஒப்படைக்கப்பட வேண்டும். கட்சிக்காரரும் வழக்குரைஞரும் தாங்கள் விரும்பும் தொழில்நுட்ப வல்லுநரின் உதவியுடன் முன்னிலையில் இருக்கும்போதுதான் அவற்றைத் திறக்கலாம். மற்ற கட்சிக்காரர்களின் ரகசியம் வெளிப்படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இருப்பினும், இந்த அரண் ஒரு திசையை நோக்கி மட்டுமே எழுப்பப்பட்டிருக்கிறது. அரசு உள்ளே வருவதை அது தடுக்கிறது. திருடன் உள்ளே வருவதையோ, தகவல் வெளியே கசிவதையோ தடுப்பது அதன் வேலை அல்ல.

தகவல் சந்தை: தனிநபர் தகவலுக்குச் சந்தை இருக்கிறது என்பதை ஹைதராபாத் நேரில் கண்டது. நகரின் மேற்குப் பகுதியைக் கவனிக்கும் சைபராபாத் காவல் துறை, 24 மாநிலங்களையும் எட்டு பெருநகரங்களையும் சேர்ந்த சுமார் 66.9 கோடி தனிநபர்கள், நிறுவனங்களின் விவரங்களை விற்பனைக்கு வைத்திருந்ததாக ஒருவரை 2023 ஏப்ரலில் கைது செய்தது. அதற்கு முந்தைய மாதம்தான் 16.8 கோடி பேரின் விவரங்கள் தொடர்பாக மற்றொரு கும்பல் பிடிபட்டிருந்தது.

வழக்குரைஞர் அலுவலகங்களும் தப்பவில்லை என்பதை உலக நிகழ்வுகள் காட்டுகின்றன. பனாமாவின் மொசாக் பொன்சேகா சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்த சுமார் 1.15 கோடி ஆவணங்கள் 2016-இல் உலகையே உலுக்கின. அதில் அம்பலமானவற்றில் பொதுநலன் இருந்தது. ஆனால், பிரிட்டனில் நடந்தது வேறு. டக்கர்ஸ் என்ற குற்றவியல் சட்ட நிறுவனத்தின் கணினிகளை 2020 ஆகஸ்டில் முடக்கிய கும்பல், 60 நீதிமன்ற ஆவணத் தொகுப்புகளை இணையத்தின் மறைவிடத்தில் வெளியிட்டது. அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 2022-இல் அந்நிறுவனத்துக்கு 98,000 பவுண்ட் அபராதம் விதித்தது. குற்றவாளியோடு, காக்கத் தவறியவரும் பொறுப்பேற்க வேண்டியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

17-ஆவது பிரிவின் சிக்கல்: நமது சட்டத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் 7-ஆம் தேதி மக்களவையிலும், இரு நாள்கள் கழித்து மாநிலங்களவையிலும் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருமாறு கால அட்டவணை அமைந்துள்ளது.

இச்சட்டம் தகவலை வைத்திருப்போர் மீது பல கடமைகளைச் சுமத்துகிறது. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டும். கசிவு ஏற்பட்டால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தேவை முடிந்ததும் தகவலை அழிக்க வேண்டும். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரையிலும், கசிவைத் தெரிவிக்கத் தவறினால் 200 கோடி ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

ஆனால், 17-ஆவது பிரிவு ஒரு விலக்கு அளிக்கிறது. சட்டபூர்வ உரிமையையோ கோரிக்கையையோ நிலைநாட்டத் தேவையான தகவல் பயன்பாட்டுக்கு மேற்கண்ட கடமைகளில் பெரும்பாலானவை பொருந்தாது. பொதுவான பொறுப்பையும் பாதுகாப்பு ஏற்பாட்டையும் கூறும் 8-ஆவது பிரிவின் 1, 5 ஆகிய உட்பிரிவுகள் மட்டும் தொடரும். கசிவைத் தெரிவிக்கச் சொல்லும் 6-ஆவது உட்பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை.

விலக்கின் நோக்கம் நியாயமானதே. எதிர்க்கட்சிக்காரரின் ஒப்புதல் பெற்றுத்தான் அவருக்கு எதிரான ஆவணத்தைப் பயன்படுத்த வேண்டும் என்றால் எந்த வழக்கும் நடக்காது. ஆனால், அந்த விலக்கு சொந்தக் கட்சிக்காரர் வரை நீள்வதுதான் சிக்கல். சொத்து வழக்குக்காகக் கடவுச்சீட்டு நகல், வங்கிக் கணக்கு விவரம், பொது அதிகாரப் பத்திரம் ஆகியவற்றை ஹைதராபாத் வழக்குரைஞருக்கு மின்னஞ்சலில் அனுப்பும் ஒரு வெளிநாடுவாழ் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அவை திருடப்பட்டால், சட்ட வாசகத்தின்படி, அலுவலகம் அதை அக்குடும்பத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டதா என்பதே கேள்விக்குறியாகிறது. சைபர் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற 2022 ஏப்ரல் மாத உத்தரவும், மத்திய அரசின் கணினி அவசரநிலை அமைப்பிடம் தெரிவிக்கத்தான் சொல்கிறது, கட்சிக்காரரிடம் அல்ல.

அதே அலுவலகம் ஒப்பந்தம் எழுதவோ, பத்திரப் பதிவுக்கோ பெறும் தகவலுக்கு இந்த விலக்கு பொருந்தாது. ஒரே அலமாரியில் உள்ள இரு கோப்புகளுக்கு இரு வேறு சட்டநிலை என்பது விசித்திரமே.

அடைபடும் கதவுகள்: கசிவு தெரியவந்தாலும், இழப்பீட்டுக்கு எங்கே செல்வது? நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்ல முடியாது. வழக்குரைஞர்களின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 14-ஆம் தேதி தீர்ப்பளித்துவிட்டது. பார் கவுன்சில், ஒழுங்கு நடவடிக்கையாக வழக்குரைஞரைக் கண்டிக்கலாம், இடைநீக்கம் செய்யலாம், பட்டியலிலிருந்தே நீக்கலாம். அதனால் கட்சிக்காரரின் நஷ்டம் ஈடாகாது.

இப்போதைக்கு எஞ்சியிருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. 2008 டிசம்பரில் நிறைவேறிய திருத்தத்தால் வந்த இப்பிரிவு, கணினியில் உள்ள நுண்ணிய தனிநபர் தகவலைக் காப்பதில் அலட்சியம் காட்டி நஷ்டம் ஏற்படுத்தினால் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. வணிகம் மட்டுமன்றி, தொழில்முறைப் பணியில் ஈடுபட்ட நிறுவனங்களும் இதற்குள் அடங்கும். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநில அளவிலான தீர்ப்பு அதிகாரியிடமே தாக்கல் செய்யலாம்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு இந்த 43ஏ-வை நீக்குகிறது. அந்த நீக்கமும் 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகிறது. அதற்குப் பிறகு வாரியம் விதிக்கும் அபராதம் முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்லும். பாதிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. வாரியம் விசாரிக்கக்கூடிய விஷயங்களில் உரிமையியல் நீதிமன்றம் தலையிட 39-ஆவது பிரிவு தடை விதிப்பதால், அங்கும் வாதம் எழவே செய்யும்.

இது தவிர்க்க முடியாததும் அல்ல. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் அளித்த வரைவிலும், அரசு 2019-இல் தாக்கல் செய்த மசோதாவிலும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்கும் பிரிவு இருந்தது. கூட்டுக் குழுவின் ஆய்வுக்குப் பிறகு அந்த மசோதா 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. மறு ஆண்டு வந்த சட்டத்தில் இழப்பீட்டுப் பிரிவு இல்லை. மணிப்பூர் பிரச்னையில் இரு அவைகளும் அமளியில் இருந்த கூட்டத்தொடரில், இந்த விடுபடல் குறித்து உரிய விவாதம் நடைபெறவில்லை.

என்ன செய்யலாம்?: 17-ஆவது பிரிவின் விலக்குப் பட்டியலில், கசிவைத் தெரிவிக்கும் கடமையும் தொடரும் என ஒரு வரி சேர்த்தால் முதல் குறை நீங்கும். இழப்பீட்டுப் பிரிவைத் திரும்பக் கொண்டுவந்தால் இரண்டாவது குறை நீங்கும். இரண்டுக்கும் நாடாளுமன்றம் சட்டத் திருத்தம் செய்ய வேண்டும். கால அவகாசம் முடிவதற்குள் செய்வதே முறை.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வழியும் உண்டு. வழக்குரைஞர்கள் சட்டத்தின் 49-ஆவது பிரிவின்கீழ் தொழில் நெறிகளை வகுக்கும் அதிகாரம் இந்திய பார் கவுன்சிலுக்கு இருக்கிறது. கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக் கூடாது என்று அதன் விதிகள் ஏற்கெனவே கூறுகின்றன. கோப்புகளை யார் பார்க்கலாம், வழக்கு முடிந்ததும் எத்தனை காலம் வைத்திருக்கலாம், கசிந்தால் எப்போது தெரிவிக்க வேண்டும் என்ற மூன்றையும் அவ்விதிகளில் சேர்ப்பது கடினமல்ல. வக்காலத்தில் கையெழுத்திடும் கட்சிக்காரரும் அன்றே இந்த மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் பெறலாம்.

ஆவணம் கைமாறினாலும் அதன் ரகசிய உரிமை மாறாது என்று ஹைதராபாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்த உரிமை பறிபோனால் அதை அறியவும் ஈடு பெறவும் வழி இருந்தால்தான் அத்தீர்ப்புக்குப் பொருள் இருக்கும். அந்த வழியைத் திறந்து வைக்கும் பொறுப்பு நாடாளுமன்றத்தைச் சார்ந்தது.